'கொலோனோ'வுக்குத் தமிழில் என்ன சொல்வது?

நண்பர்களே, ஒரு சொல்லுக்காக நான்கு நாட்களாகத் தவிக்கிறேன். பிரேசிலின் சாவோ பாவுலோ காப்பித் தோட்டங்களுக்கு வந்த இத்தாலியக் குடும்பங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1888இல் அடிமை முறை ஒழிந்தது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! மாகாண அரசே கப்பல் கட்டணம் கொடுத்து ஐரோப்பியக் குடும்பங்களை வரவழைத்தது. அப்படி வந்தவர்களுக்குப் பெயர் 'கொலோனோ'.

'கூலி' என்று எழுத மனம் ஒப்பவில்லை. ஆயிரம் காப்பிச் செடிகளுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று குடும்பத்தோடுதான் ஒப்பந்தம், அறுவடைக்குத் தனிப்பணம். செடி வரிசைகளுக்கு நடுவே சோளமும் பீன்ஸும் தங்களுக்கென்று விதைத்துக்கொள்ளலாம். பலருக்கு அந்தச் சோளம்தான் உயிர்நாடி. 'குத்தகைதாரர்' என்றால் அதுவும் பொருந்தாது, நிலத்தில் அவர்களுக்கு உரிமை இல்லை. வரவு, கடன், அபராதம் எல்லாம் ஒரு சிறு கணக்குப் புத்தகத்தில் ஏறும். நிலைமை மோசம் என்று கேள்விப்பட்டு, 1902இல் இத்தாலிய அரசே இலவசப் பயண ஆள்சேர்ப்புக்குத் தடை போட்டது.

'வாரக்குடி', 'பண்ணைக்குடி' இரண்டையும் எழுதி அடித்துவிட்டேன். டெல்டாப் பக்கம் பழைய நில வழக்குகள் தெரிந்தவர்கள், குடும்பமாக ஒப்பந்தம் பேசி உழைத்தவர்களை என்ன சொல்லி அழைத்தார்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். போர்த்துகீசியம் படிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால், ஓர் ஒப்பந்தப் பக்கத்தையும் சரிபார்த்துத் தர வேண்டும்.