ஒரு பாடலின் குரலை வேறொரு பாடலின் இசையோடு இணைக்கும்போது சுருதி விலகுவது ஏன்?

கேள்வி:
பிரித்தெடுத்த குரல் நிமிடத்திற்கு 96 தட்டு வேகத்திலும், பின்னணி இசை 104 தட்டு வேகத்திலும் உள்ளன. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் குரலின் வேகத்தைக் கூட்டி இரண்டையும் ஒன்றாக்கிய பிறகு, முன்பு ஒரே சுருதியில் இருந்தவை இப்போது ஒட்டவில்லை. காரணம் என்னவாக இருக்கும்?

மறுமொழி 1:
நீங்கள் 'ஸ்பீடு' மாற்றும் வசதியைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். அது வேகத்தோடு சுருதியையும் உயர்த்திவிடும். 96ஐ 104 ஆக்கினால் குரல் ஏறத்தாழ 1.4 அரைச்சுரம் மேலேறும், அது எந்தச் சுரத்திலும் நில்லாத இடம். 'டெம்போ' மாற்றும் வசதி சுருதியைத் தொடாது. மூலக் கோப்பிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. ஆனால் ஆதார சுருதி பொருந்தினால் மட்டும் போதாது, சுரங்களும் இசைய வேண்டும் என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். மோகன ராகத்தில் அமைந்த குரலைச் சங்கராபரணத்தில் அமைந்த இசைமேல் வைத்தால் மோகனத்தின் ஐந்து சுரங்களும் அதற்குள் அடங்கிவிடும். கரகரப்பிரியாவில் அமைந்த இசையென்றால் இரண்டின் காந்தாரமும் ('க' சுரம்) வேறு என்பதால் அது மோதும், எந்த மென்பொருளும் அதை எளிதில் மறைக்காது.

மறுமொழி 3:
குரலில் தாளவாத்திய ஒலி ஒட்டியிருந்தால் குரலையும் இசையையும் பிரிக்கும் டெமுக்ஸ் மென்பொருளைக் கொண்டு மறுபடி பிரித்துப் பாருங்கள். வெளியிடுவதாயின் இரு பாடல்களின் உரிமையாளர்களிடமும் அனுமதி பெறுங்கள்.