டி.எல்.டி. மாத்திரையோடு லேகியம், பற்பம், செந்தூரம் எடுக்கலாமா?

தென்றல்:
வணக்கம். எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. (கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்தில் டி.எல்.டி. மாத்திரை வாங்குபவர்கள் பலர் கூடவே நெல்லிக்காய் லேகியம், அமுக்கராச் சூரணம், அயச்செந்தூரம், சங்கு பற்பம் எடுக்கிறார்கள். கேட்டால் "இயற்கைதானே" என்கிறார்கள். எது சேரும், எது சேராது, எவ்வளவு இடைவெளி வேண்டும்? காரணத்தோடு சொன்னால் அவர்களுக்கு விளக்க வசதியாக இருக்கும்.

மருந்தாளுநர்_மதுரை:
டி.எல்.டி. ஒரே மாத்திரைதான், உள்ளே மூன்று மருந்து: டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. நீங்கள் கேட்ட சிக்கல் மூன்றாவதில் இருக்கிறது.

எச்.ஐ.வி. தன் மரபணுவை நம் செல்லின் மரபணுவோடு தைத்துக்கொள்ள இன்டெக்ரேஸ் என்ற நொதியைப் பயன்படுத்துகிறது. அந்த நொதியின் மையத்தில் இரண்டு மெக்னீசியம் அயனிகள் உண்டு. டோலுடெக்ராவிர் அவற்றை இறுகப் பிடித்துக்கொள்வதால் தையல் நின்றுபோகிறது. உலோகத்தைப் பிடிக்கும் இதே குணம்தான் குடலில் வினையாகிறது. வழியில் கால்சியமோ இரும்போ எதிர்ப்பட்டால் அதைப் பிடித்துக்கொண்டு, ரத்தத்தில் ஏறாமல் மலத்தோடு போய்விடும்.

இப்போது பட்டியலைப் பாருங்கள். சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம், பவள பற்பம் எல்லாமே கால்சியம். அயமும் அன்னபேதியும் இரும்பு. பெயர் எதுவானாலும் கால்சியம் மாத்திரை, இரும்பு மாத்திரைக்குள்ள விதியே இவற்றுக்கும்: டி.எல்.டி. போட்டு 2 மணி நேரம் கழித்து இவற்றை எடுக்கலாம். இவற்றை முதலில் எடுத்துவிட்டால் டி.எல்.டி.க்கு 6 மணி நேரம் பொறுக்க வேண்டும். இரவு 9 மணிக்கு மாத்திரை போடுபவர் செந்தூரத்தைக் காலைச் சாப்பாட்டோடு முடித்துக்கொள்ளட்டும், மாலை 3 மணிக்கு மேல் தொட வேண்டாம். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மெக்னீசியம் மருந்துகளுக்கும் இதே கணக்கு. பால், தயிர், கீரைக்குப் பயப்பட வேண்டாம், அவை சாதாரண உணவு.

மனச்சோர்வுக்கு என்று இணையத்தில் விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையை மட்டும் அடியோடு தவிர்க்கச் சொல்லுங்கள். அது கல்லீரல் நொதிகளைத் தூண்டி டோலுடெக்ராவிரை வேகமாகக் கரைத்துவிடும், எத்தனை மணி நேரம் இடைவெளி விட்டாலும் பயனில்லை. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் அப்படித்தான். அதனால்தான் காசநோய் சிகிச்சைக் காலத்தில் 12 மணி நேரம் கழித்து இன்னொரு டோலுடெக்ராவிர் 50 மி.கி. சேர்த்துத் தருகிறார்கள்.

சித்த_மருத்துவர்:
அமுக்கரா, நெல்லிக்காய் என்றதும் சிலர் ரசகந்தி மெழுகையும் சேர்த்துக் கேட்பார்கள். சென்னை தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனையில் 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு இந்த மூன்றும் ஒன்றாகக் கொடுக்கப்பட்டவை. அரசு ஏ.ஆர்.டி.யை இலவசமாகத் தரத் தொடங்கியது 2004 ஏப்ரலில்தான். கைக்கு வேறு மருந்து எட்டாத காலத்து முயற்சி அது. அதைக் காட்டி இன்றைக்கு மாத்திரைக்கு மாற்றாகச் சொல்வது பெரும் தவறு.

ரசகந்தி மெழுகில் பாதரசம் இருக்கிறது. டெனோஃபோவிர் வெளியேறுவது சிறுநீரகம் வழியாக, பாதரசம் தாக்குவதும் சிறுநீரகத்தையே. இரண்டையும் சேர்க்கவே கூடாது. அமுக்கராவால் சிலருக்குக் கல்லீரல் பாதித்த பதிவுகள் உண்டு. மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்று) இருப்பவர் தவிர்ப்பது நல்லது. லேகியத்தால் மாத்திரைக்குக் கெடுதல் இல்லை, ஆனால் சர்க்கரை நோயாளிக்கு அதிலுள்ள வெல்லம் ஆகாது. அவர் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் எடுத்தால், டோலுடெக்ராவிர் ரத்தத்தில் மெட்ஃபார்மின் அளவை ஏற்றும். மெட்ஃபார்மின் நாளுக்கு 1000 மி.கி. தாண்டாமல் மருத்துவரிடம் சரிசெய்துகொள்ள வேண்டும்.

செவிலி_கோவை:
உண்மையில் கைகொடுப்பது சாப்பாடு. அறிகுறி இல்லாதவருக்கே வழக்கத்தைவிட 10 சதவீதம் கூடுதல் ஆற்றல் வேண்டும். 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 200 கலோரி, ஏறக்குறைய 35 கிராம் வறுத்த வேர்க்கடலை. காய்ச்சல், எடை குறைவு இருந்தால் 20 முதல் 30 சதவீதம்.

வாயில் வெண்படலம் வந்தவருக்கு மிளகாய், புளி எரியும். ஆறிய தயிர்சாதத்தைக் குழைவாகப் பிசைந்து கொடுங்கள், வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள். படலத்துக்கு மருந்து தனியாக வாங்க வேண்டும். பேதிக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. சி.டி.4 (ரத்தத்தில் நோய் எதிர்ப்பு செல்களின் எண்ணிக்கை) 200க்குக் கீழே இருப்பவர் அரைவேக்காட்டு முட்டையையும் காய்ச்சாத நீரையும் தொடக் கூடாது.

தென்றல்:
மிக்க நன்றி. இன்னொன்று. சி.டி.4 ஏறிவிட்டது, இனி மூலிகை போதும் என்று மாத்திரையை நிறுத்துபவருக்கு என்ன சொல்வது?

மருந்தாளுநர்_மதுரை:
சி.டி.4 ஏறியதே மாத்திரையால்தான். நோய் எதிர்ப்பு மண்டலத்தின் உறங்கும் நினைவு செல்களுக்குள் வைரஸ் ஒளிந்திருக்கிறது, அதை எந்த மருந்தும் மூலிகையும் இன்னும் துடைக்கவில்லை. நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) பழையபடி ஏறும். டெனோஃபோவிரும் லாமிவுடினும் மஞ்சள் காமாலை பி-யையும் அடக்கி வைத்திருப்பவை. அந்தத் தொற்றும் உள்ளவர் திடீரென நிறுத்தினால் கல்லீரல் கொதித்தெழும். ஏற்கெனவே நிறுத்தியவரைத் திட்டாதீர்கள், பயந்து வராமலே போய்விடுவார். எத்தனை நாள் நிறுத்தினார், இடையில் என்ன சாப்பிட்டார் என்று குறித்துக்கொண்டு, அன்றைக்கே மையத்து மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.