[கலைச்சொல்] கண்ணாடியில் இடும் குறிகள் 'பறவை விரட்டி'யா?

மடல் 1

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுச் சன்னல் கண்ணாடியில் பறவைகள் மோதி விழுவதைத் தடுப்பது பற்றி ஒரு கையேடு தயாராகிறது. சொற்பட்டியலில் மூன்று இடங்களில் இழுபறி.

1. நிகழ்வின் பெயர். வரைவில் 'பறவை மோதல்' என்று இருக்கிறது. விமானத்தில் பறவை அடிபடுவதையும் அப்படித்தான் எழுதுகிறார்கள். 'சாளர மோதல்' என்று மாற்றலாமா?

2. மோதலைத் தவிர்க்கக் கண்ணாடிமேல் இடும் புள்ளி, கோடு, முன்னால் தொங்கவிடும் கயிறு ஆகியவற்றுக்கு ஒரு பொதுப்பெயர். ஆங்கிலத்தில் டிட்டரன்ட் என்று புழங்குவதால் வரைவில் 'பறவை விரட்டி' என்று போட்டிருக்கிறது.

3. அந்தக் குறிகளுக்கு நடுவே விடவேண்டிய இடைவெளி பற்றிய விதி. ஆங்கிலத்தில் அங்குலக் கணக்கில் 'இரண்டுக்கு நான்கு' என்கிறார்கள். தமிழில் அப்படியே எழுதினால் எது இரண்டு, எது நான்கு என்று படிப்பவருக்கு விளங்காது.

உங்கள் கருத்து தேவை.

மடல் 2

> வரைவில் 'பறவை விரட்டி' என்று போட்டிருக்கிறது.

மற்றவை எப்படிப் போனாலும் இந்தச் சொல் அச்சேறக் கூடாது. இது பொருளையே கெடுத்துவிடும்.

விரட்டி என்றால் பயமுறுத்துவது. கொல்லையில் நிற்கும் வெருளிபோல ஒன்று என்றுதான் வீட்டுக்காரர் எடுத்துக்கொள்வார். உடனே பருந்து உருவம் வெட்டிய கறுப்பு ஒட்டுத்தாள் ஒன்றை வாங்கி, கண்ணாடி நடுவில் ஒட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுவார். மறுநாள் அந்தப் பருந்துக்கு ஒரு சாண் தள்ளிப் பறவை மோதும். அசையாத நிழலுருவைப் பார்த்துப் பறவை பயப்படுவதில்லை. அந்த இடத்தில் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் வெட்டவெளியாகத் தெரியும் பகுதி வழியாகப் போகப் பார்க்கிறது. இந்த உருவங்களால் மோதல் குறையவில்லை என்பதை கண்ணாடி மோதலை ஆராயும் அமெரிக்கப் பறவையியலாளர் டேனியல் கிளெம் 1990-லேயே சோதித்து எழுதிவிட்டார்.

சிக்கலின் வேர் பயத்தில் இல்லை, பார்வையில் இருக்கிறது. கண்ணாடி இருப்பதே பறவைக்குத் தெரிவதில்லை. இது இரண்டு விதமாக நடக்கும். ஒன்று, கண்ணாடி வழியே மறுபக்கம் தெரிவது. எதிரெதிர் சன்னல்கள், மூலையில் சேரும் இரண்டு கண்ணாடிகள், மாடிக் கைப்பிடிக் கண்ணாடி, உள்ளே சன்னலை ஒட்டி வைத்த செடி எல்லாம் இந்த வகை. மற்றொன்று, வெளியே உள்ள மரமும் வானமும் கண்ணாடியில் எதிரொளிப்பது. அங்கே பறவை பார்ப்பது மரத்தைத்தான், ஆனால் அந்த மரம் அதன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. எனவே நாம் செய்யவேண்டியது 'இங்கே ஒரு தடை இருக்கிறது, உன் உடல் நுழைய இடம் இல்லை' என்று காட்டுவது மட்டுமே. அதைச் சொல்லும் பெயர் வேண்டும். 'தடைக்குறி' சரிவருமா?

முதல் சொல்லுக்கு: 'சாளர மோதல்' குறுகலாக இருக்கிறது. பசுமைக்குடில், பேருந்து நிழற்குடை, மேலே சொன்ன கைப்பிடிக் கண்ணாடி எதுவும் சாளரம் அல்ல. 'கண்ணாடி மோதல்' போதும்.

ஒரு எண்ணையும் கையேட்டில் சேருங்கள். அமெரிக்காவில் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடிப் பறவைகள்வரை இப்படிச் சாகின்றன என்பது 2014-இல் வந்த மதிப்பீடு. அதில் ஏறத்தாழ 44 விழுக்காடு வீடுகளில். வானளாவிய கட்டடங்களின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஒவ்வொரு வீட்டிலும் ஆண்டுக்கு ஓரிரண்டுதான், ஆனால் வீடுகள் கோடிக்கணக்கில். 'என் வீட்டில் எப்போதாவதுதான் மோதுகிறது' என்பவருக்கு இதுதான் பதில்.

மடல் 3

கண்ணாடி வேலை செய்யும் பக்கத்திலிருந்து சில குறிப்புகள். பெயர் எதுவானாலும் அது 'ஒட்டி' என்று முடியவேண்டாம். எல்லாமே ஒட்டுவதில்லை.

புள்ளிகள்: குறைந்தது 6 மி.மீ. விட்டம், 5 செ.மீ. இடைவெளி, குறுக்கிலும் நெடுக்கிலும். 1.2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் உள்ள கண்ணாடிக்கு விளிம்பிலிருந்து 2.5 செ.மீ. விட்டுத் தொடங்கினால் ஒரு வரிசைக்கு 24 வீதம் 20 வரிசை, மொத்தம் 480 புள்ளி. எண்ணிக்கையைக் கேட்டதும் 'கண்ணாடியே மறைந்துபோகுமே' என்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள்: 480 புள்ளியும் சேர்ந்து மறைப்பது கண்ணாடிப் பரப்பில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

கோடுகள்: குறைந்தது 3 மி.மீ. தடிமன். வெளிப்பயன்பாட்டு டேப் நல்லது. சாதாரண வெள்ளை டேப் வெயிலில் இறுகிப் பிசின் கண்ணாடியிலேயே தங்கிவிடும், அப்புறம் பிளேடு வைத்துச் சுரண்டவேண்டும். சோப்புக் கட்டியால் கிழித்த கோடு ஒரு மழைக்குக்கூடத் தாங்காது, ஆனாலும் இன்றே ஏதாவது செய்தாகவேண்டும் என்றால் அதுவே போதும்.

கயிறு: 3 மி.மீ. பாராகார்டு (நைலான் இழைக் கயிறு), அடர்நிறம், 10 செ.மீ.-க்கு ஒன்று. மேலே ஒரு மரச்சட்டத்தில் துளையிட்டு முடிச்சுப் போட்டு, சன்னலுக்கு வெளியே தொங்கவிட வேண்டும். கீழ்நுனியைக் கட்டவேண்டியதில்லை. மேற்சொன்ன சன்னலுக்கு 12 கயிறு, முடிச்சுக்குச் சேர்த்து ஒவ்வொன்றும் 1.15 மீட்டர் என்று வைத்தால் 14 மீட்டர் வாங்கினால் சரியாக இருக்கும். வெட்டிய நுனியைத் தீயில் லேசாகக் காட்டி உருக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பிரிபிரியாகும். பாதி உயரத்தில் நின்றுவிடும் கயிறு பயன்படாது. கண்ணாடியின் அடிவரை எட்டவேண்டும்.

இந்த எல்லாவற்றிலும் நடக்கும் ஒரே பெரிய தவறு உட்பக்கம் ஒட்டுவது. ஏணி வேண்டாம், மழை படாது, எளிது என்று உள்ளே ஒட்டிவிடுகிறார்கள். நேர்க்கோணத்தில் பார்த்தாலே ஒற்றைக் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் சுமார் 8 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். பார்வை சாயச் சாய அது கூடும். பகலில் வெளியே அவ்வளவு வெளிச்சம், அறைக்குள் இருட்டு. அந்த 8 விழுக்காடே உள்ளே இருக்கும் புள்ளியை மூடிவிடும். வெயில் தடுக்கும் பூச்சு உள்ள கண்ணாடியில் இன்னும் மோசம். ஒட்டிய பிறகு தோட்டத்தில் இறங்கி, காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, பறவை வரும் திசையில் நின்று பாருங்கள். மரம் தெரிந்து புள்ளி தெரியாவிட்டால் ஒட்டியது வீண்.

ஒட்டும் முறை: சோப்பு நீரால் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். நேர்வெயில் அடிக்கும் கண்ணாடியில் ஒட்டக் கூடாது. புள்ளிகளைத் தாங்கி வரும் தாளை ஸ்குவீஜியால் (ரப்பர் விளிம்புள்ள தேய்ப்பான்) அழுத்தித் தேய்த்தபின், தாளைக் கண்ணாடியோடு படிய மடித்து மெதுவாக உரிக்கவேண்டும். வெடுக்கென்று இழுத்தால் புள்ளியும் கூடவே வந்துவிடும். ஒரு புள்ளி எழும்பினால் தாளைத் திரும்பப் படுக்கவைத்து அந்த இடத்தை மறுபடி தேயுங்கள்.

மடல் 4

மேலே சொன்னவற்றை வைத்துப் பார்த்தால் 'தடைக்குறி' எனக்கு நெருடுகிறது. சாலையில் 'நுழையாதே' என்னும் பலகைக்கும் அதே சொல்லைப் போட வாய்ப்பு உண்டு. குறி என்பது எழுதியது, வரைந்தது என்றே மனத்தில் படும், தொங்கும் கயிறு அதில் அடங்காது.

'தடைகாட்டி' என்று வைக்கலாம். திசைகாட்டி, வழிகாட்டி வரிசையில் இயல்பாகப் பொருந்துகிறது. தடையைக் காட்டுவது என்று விரியும் இரண்டாம் வேற்றுமைத் தொகை. ஆகவே நடுவில் ஒற்று மிகாது, 'தடைக்காட்டி' என்று அச்சாகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். கிளைச்சொற்களும் எளிதில் பிறக்கும்: புள்ளித் தடைகாட்டி, கோட்டுத் தடைகாட்டி, கயிற்றுத் தடைகாட்டி. உற்பத்தியிலேயே கோடு பொறித்து வரும் கண்ணாடியைத் 'தடைகாட்டும் கண்ணாடி' எனலாம்.

மூன்றாவதற்கு ஒரு யோசனை. 'இரண்டுக்கு நான்கு' என்பதன் உள்ளடக்கம் என்ன? கிடைக்கோடுகளுக்கு நடுவே 5 செ.மீ., செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே 10 செ.மீ. என்பதுதானே? அப்படியானால் நம்மிடம் 'கையகலம்' என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. கட்டைவிரலைச் சேர்த்த உள்ளங்கை அகலம் ஏறத்தாழ அந்தப் பத்து. 'கையகல விதி' என்றால் அளவுகோல் இல்லாதவரும் கையை வைத்தே பார்த்துக்கொள்வார்.

மடல் 5

தடைகாட்டி: முழுச் சம்மதம். இந்தப் பெயரைக் கேட்டவர் 'எங்கெல்லாம் தடை தெரியவில்லை?' என்று கண்ணாடி முழுவதையும் பார்ப்பார். விரட்டி என்றால் ஒன்றோடு நின்றுவிடுவார்.

ஆனால் வலையை இதில் சேர்க்காதீர்கள். கண்ணாடிக்கு முன்னால் விறைப்பாக இழுத்துக் கட்டும் வலை வேறு விதமாக வேலை செய்கிறது. பறவை அதில் மோதினாலும் கண்ணாடியைத் தொடாமல் துள்ளித் திரும்பிவிடும். அதற்குத் 'தாங்குவலை' என்று தனிப்பெயர் வையுங்கள். வலைக்கண்ணின் அளவு 2 செ.மீ.-க்கு மிகக் கூடாது, மிகுந்தால் தலையோ சிறகோ சிக்கும். தொய்வாகக் கட்டினால் வலை கண்ணாடிவரை அமுங்கி, இருந்தும் இல்லாததுபோல் ஆகும். வெளிப்பக்கம் பொருத்திய கொசுவலைச் சட்டமும் இந்தப் பயனைத் தரும்.

'கையகலம்' அழகான சொல், ஆனால் அளவு தளர்ந்துவிடும். 5-க்கும் 10-க்கும் வேறுபாடு வந்ததே பறக்கும் உடலின் வடிவால்தான். சிறகு விரித்த பறவை அகலமானது, தட்டையானது. கிடையான சந்து 5 செ.மீ.-க்கு மேல் இருந்தால் சிறு பறவை வழுக்கிப் போய்விடலாம் என்று முயலும். நிற்கும் சந்துக்குள் நுழையச் சிறகை ஒடுக்கவேண்டும் என்பதால் 10 வரை விடலாம் என்றார்கள். ஆனால் மிகச் சிறிய பறவைகள் அதிலும் நுழையப் பார்ப்பதால் இப்போது இரு திசையிலும் 5 செ.மீ. என்றே பரிந்துரைக்கிறார்கள். சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்து வைத்தால் அந்த அகலம் வந்துவிடும். 'மூவிரல் விதி' என்று வையுங்கள். செங்குத்துக் கயிறுகளுக்கு மட்டும் கையகலம்வரை போகலாம் என்று அடுத்த வரியில் சேர்த்தால் இரண்டு சொல்லும் பயன்பட்டுவிடும்.

புற ஊதாத் தடைகாட்டி பற்றி ஒரு எச்சரிக்கை சேர்க்கவேண்டும். 'மனிதருக்குத் தெரியாது, பறவைக்குத் தெரியும்' என்று விற்கிறார்கள். எல்லாப் பறவைக்கும் தெரியாது. பாடும் சிறு பறவைகள் பலவற்றின் கண்ணில் 360–370 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது புற ஊதாவில், உச்ச உணர்வுள்ள கூம்பணு (நிறம் உணரும் செல்) உண்டு. காகம், புறா, கழுகு இனங்களுக்கு அது 400-க்கு மேலே ஊதா நிறத்தில் இருக்கிறது. தவிர, மோதல் மிகுவது காலைப் பொழுதில். விடியலில் புற ஊதாவே குறைவு. கண்ணுக்குத் தெரியும் புள்ளிதான் நம்பகமானது.

மடல் 6

வரைவில் இன்னொரு பத்தி குழப்புகிறது. 'பறவை தினமும் வந்து கண்ணாடியைக் கொத்துகிறது' என்பதையும் கண்ணாடி மோதலில் சேர்த்திருக்கிறார்கள். அது வேறு அல்லவா?

மடல் 7

வேறுதான். கூடு கட்டும் காலத்தில் தன் எல்லையைக் காக்கும் பறவை, கண்ணாடியில் தெரியும் தன் உருவை எதிரி என்று நினைத்துச் சண்டையிடுகிறது. வேகம் குறைவு, பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வாரக்கணக்கில் ஓயாது. குறுந்தொகையில் கண்ணாடியில் தெரியும் உருவுக்கு 'ஆடிப்பாவை' என்ற சொல் இருக்கிறது. நாம் கை தூக்கினால் தானும் தூக்கும் பாவை. பறவை அலகை ஓங்கினால் எதிரியும் ஓங்குகிறது, அதனால்தான் சண்டை முடிவதில்லை. 'ஆடிப்பாவைச் சண்டை' என்று வைக்கலாம்.

பெயர் பிரிந்தால் மருந்தும் பிரியும். இதற்குப் புள்ளிகள் போதாது, புள்ளிகளுக்கு நடுவே உருவம் தெரிந்துகொண்டேதான் இருக்கும். பறவை வந்து மோதும் பகுதியை வெளிப்பக்கமாகத் தாளாலோ துணியாலோ முழுதும் மறைத்து, கூடு கட்டும் காலம் முடிந்ததும் எடுத்துவிடலாம்.

தீனித்தட்டு, நீர்த்தொட்டி பற்றிய பத்தியையும் திருத்துங்கள். 'சன்னலிலிருந்து தள்ளி வைக்கவும்' என்று மட்டும் இருக்கிறது. ஐந்தாறு மீட்டர் தள்ளி வைப்பதுதான் ஆபத்து, பறவை கிளம்பி முழு வேகம் பிடிக்க அந்தத் தூரம் போதும். வேகம் இரட்டித்தால் அடி நான்கு மடங்கு. ஒன்று, கண்ணாடிக்கு 1 மீட்டருக்குள் வையுங்கள், அங்கிருந்து கிளம்பும் பறவைக்கு வேகமே வந்திருக்காது. அல்லது 10 மீட்டருக்கு அப்பால்.

மோதி மயங்கிய பறவைக்கு: காற்றுத்துளை இட்ட அட்டைப்பெட்டி, அடியில் துணி, மூடி, இருட்டான அமைதியான இடம், ஒன்றிரண்டு மணி நேரம். 'வாயில் தண்ணீர் விடவும்' என்ற வரியைக் கட்டாயம் நீக்குங்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். திறந்து பார்ப்பது வெளியே போய்த்தான். பறக்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம். கழுத்து முறிந்து சாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் மண்டைக்குள் ரத்தக்கசிவு. அதனால் எழுந்து பறந்துபோன பறவை பிழைத்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

மடல் 8

நன்றி. கண்ணாடி மோதல், தடைகாட்டி, தாங்குவலை, மூவிரல் விதி, ஆடிப்பாவைச் சண்டை ஐந்தும் பட்டியலில் ஏறிவிட்டன. திருத்திய வரைவை இணைத்திருக்கிறேன்.

மடல் 9

சொற்கள் சரி. படம் 3 சரியில்லை. புள்ளித் தடைகாட்டியை அறைக்குள்ளிருந்து ஒருவர் ஒட்டுவதுபோல் வரைந்திருக்கிறார்கள், பின்னால் திரைச்சீலை தெரிகிறது. பக்கத்தில் 'வெளிப்பக்கம்' என்று எழுதியிருந்தாலும் படத்தைப் பார்த்துத்தான் ஒட்டுவார்கள். ஆளை வெளியே நிறுத்தி, ஏணியோடு வரையச் சொல்லுங்கள். கடைசி வரிசைப் புள்ளிகளும் சட்டத்தை ஒட்டி வரட்டும். இப்போது ஓரத்தில் ஒரு கையகலம் வெறுமையாக இருக்கிறது.