பாதிக்கப்பட்டவரை ஆராய்வது அவரைப் பழிப்பதாகுமா?

முதுகலை மாணவி:
சமூகவியல் முதுகலையில் குற்றவியலை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறேன். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1948 முதல் 1952 வரை நடந்த 588 கொலைகளை ஆராய்ந்த குற்றவியலாளர் மார்வின் உல்ஃப்காங், அவற்றில் 26 விழுக்காட்டில் கொல்லப்பட்டவரே முதலில் கைநீட்டியவர் என்று 1958இல் எழுதினார். இதற்கும் 'அந்த நேரத்தில் அவள் ஏன் அங்கே போனாள்?' என்று எங்கள் தெருவில் எழும் பேச்சுக்கும் என்ன வேறுபாடு? பாதிக்கப்பட்டவரின் பங்கை ஆராய்வதே தவறா, ஆராயும் முறையில்தான் தவறா?

ஓய்வுபெற்ற பேராசிரியர்:
உல்ஃப்காங்கின் வரையறை குறுகியது, அம்மா. அந்த மோதலில் முதலில் ஆயுதத்தை எடுத்தவர் அல்லது அடித்தவர் யார் என்பதோடு அது நின்றுவிடுகிறது. ஒருவர் எப்படிப்பட்டவர் என்று அது கேட்கவில்லை. 1971இல் குற்றவியலாளர் மெனாக்கெம் அமீர் அதே கருத்தைப் பாலியல் வன்கொடுமைக்கு நீட்டியபோது, மது அருந்தியிருந்தது, ஊரில் கெட்ட பெயர் இருந்தது என்பனவும் 'பாதிக்கப்பட்டவரின் தூண்டுதல்' என்ற கணக்கில் சேர்ந்தன. ஒரு செயலைப் பற்றிய கேள்வி நடத்தையைப் பற்றிய தீர்ப்பாக மாறியது அந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. பெண்ணியச் சமூகவியலாளர்கள் அமீரைக் கடுமையாக விமர்சித்ததற்கும் அதுவே காரணம்.

வழக்கறிஞர்:
அந்த மாற்றம் ஏட்டோடு நிற்கவில்லை. மகாராஷ்டிரத்தில் 1972இல் காவல் நிலையத்துக்குள் ஒரு பழங்குடிச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமையை 'மதுரா வழக்கு' என்று சட்ட மாணவர் எவரும் அறிவர். அவர் முன்பே உடலுறவுக்குப் பழகியவர் என்று சொல்லி விசாரணை நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. உயர் நீதிமன்றம் அவர்களைத் தண்டித்தும், உடலில் காயமில்லை என்பதைச் சுட்டிக்காட்டி உச்ச நீதிமன்றம் 1978இல் மீண்டும் விடுவித்தது. சட்ட ஆசிரியர் நால்வர் எழுதிய திறந்த மடலும் அதைத் தொடர்ந்த போராட்டங்களுமே 1983ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்கு வழிவகுத்தன. ஆயினும், பாதிக்கப்பட்ட பெண்ணின் 'ஒழுக்கத்தை'க் குறுக்கு விசாரணையில் கிளற இடமளித்த சாட்சியச் சட்டப் பிரிவு நீங்க மேலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

தஞ்சாவூர்க்காரர்:
இதில் சாதியையும் வர்க்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நார்வே நாட்டுக் குற்றவியலாளர் நில்ஸ் கிறிஸ்டி 1986இல் வகுத்த 'இலட்சியப் பாதிக்கப்பட்டவர்' என்ற கருத்து இங்கே உதவும். பலவீனமானவர், நல்ல காரியத்துக்காகப் போனவர், குறைசொல்ல முடியாத இடத்தில் இருந்தவர் என்றால்தான் சமூகம் ஒருவரைத் தயங்காமல் பாதிக்கப்பட்டவராக ஏற்கிறது. எதிரே நிற்பவனும் கொடியவனாக, முன்பின் அறியாதவனாக இருக்க வேண்டும். இந்தப் பின்பாதியை நம்மவர்கள் அதிகம் கவனிப்பதில்லை. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக, தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். பலவீனத்துக்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். ஆனால் பெருநிலம் படைத்த செல்வந்தர்கள் தாங்களே நடந்துசென்று தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற கருத்து உயர் நீதிமன்றத் தீர்ப்பில் இடம்பெற்றது, நிலக்கிழார்கள் விடுதலையானார்கள். இறந்தவர்களின் நிலையால் அல்ல, குற்றவாளி இப்படித்தான் இருப்பான் என்ற எதிர்பார்ப்புக்குக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பொருந்தாததால் வழக்கு தோற்றது என்றே நான் வாசிக்கிறேன்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்:
கீழ்வெண்மணியைக் கிறிஸ்டியோடு வைத்து வாசிக்க எனக்குத் தோன்றியதில்லை. மாணவியின் முதல் கேள்விக்கு ஒன்று மட்டும் சேர்க்கிறேன். லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற சமூகவியலாளர்கள் 1979இல் அமெரிக்காவில் பகல்நேர வீட்டுத் திருட்டு கூடியதை ஆராய்ந்து, பெண்கள் பலர் வேலைக்குச் செல்லத் தொடங்கியதால் வீடுகள் பகலில் ஆளின்றிக் கிடந்ததை ஒரு காரணமாகக் காட்டினார்கள். பாதிக்கப்பட்டவரின் அன்றாடம்தான் அங்கேயும் ஆய்வுப் பொருள். ஆனால் அந்த விளக்கம் வேலைக்குப் போன பெண்ணைக் குற்றவாளியாக்கவில்லை.

முதுகலை மாணவி:
நன்றி, ஐயா. உல்ஃப்காங்கையும் அமீரையும் ஒரே தலைப்பின் கீழ் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். பிரித்து எழுதப் போகிறேன். கீழ்வெண்மணித் தீர்ப்பை முழுமையாகப் படித்த பிறகு, குற்றம் சாட்டப்பட்டவர்களின் செல்வமும் அந்தஸ்தும் தீர்ப்புகளில் எப்படிப் பேசப்படுகின்றன என்பதையே ஆய்வேட்டின் தலைப்பாக்கலாமா என்று என் நெறியாளரிடம் கேட்கிறேன்.