ஆதம்பாக்கம் ஃபேமிலி குரூப்: பெரியப்பாவோட கார்டு

தீபா அக்கா: அப்பா இன்னிக்கு கண்ணு சரியா தெரியாம ஆலந்தூர் மெட்ரோ கேட்டுல பேங்க் கார்டை வச்சு வச்சு பாத்துட்டு நின்னிருக்காரு, பின்னாடி க்யூ, ஒரு காலேஜ் பொண்ணு தான் வாங்கிப் பாத்து தாத்தா இது மெட்ரோ கார்டு இல்லன்னு பர்ஸ்லேந்து சரியானத எடுத்துக் குடுத்துச்சாம்

சுமதி அத்தை: அண்ணா தனியாவா போனீங்க

பெரியப்பா: தனியா தான் போனேன் எல்லா காடும் ஒரே மாதிரி இருக்கு கைக்கு தெரியல

முருகேசன் மாமா: காடா மச்சான் 😂

பெரியப்பா: வாயால சொன்னா போன் இப்படி தான் எழுதுது

கார்த்தி: பெரியப்பா சொல்றது கரெக்ட் தான், எல்லா கார்டும் 85.6க்கு 54 மில்லிமீட்டர், ஒரே சைஸ். முன்னாடியாவது நம்பர் புடைச்சுகிட்டு இருக்கும் தடவினா தெரியும், இப்ப பாதி கார்டு வழவழன்னு வெறும் பிரிண்ட். 2021ல மாஸ்டர்கார்டு ஓரத்துல பள்ளம் விட்டு ஒண்ணு கொண்டு வந்தான், டெபிட்டுக்கு வளைவா, கிரெடிட்டுக்கு சதுரமா, ப்ரீபெய்டுக்கு முக்கோணமா

முருகேசன் மாமா: இவ்ளோ தானா, நானே வெட்டித் தரேன், நெயில் கட்டர் எடுத்துட்டு வரேன்

கார்த்தி: மாமா வேணாம்!! கார்டுக்குள்ள ஓரத்தை சுத்தி மெல்லிசா கம்பி ஓடுது, அதான் ஆன்டெனா. உள்ள பேட்டரி கிடையாது, மெஷின்கிட்டேந்து கரண்ட் இழுக்கறதே அந்த கம்பி வழியா தான், அது அறுந்தா எங்க தட்டினாலும் வேலை செய்யாது. மாஸ்டர்கார்டுகாரங்க அந்த கம்பிய தள்ளி வச்சு டிசைன் பண்றாங்க

முருகேசன் மாமா: சரி சரி கட்டரை உள்ள வச்சுட்டேன்

சுமதி அத்தை: ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினா என்ன? நான் வாஷிங் மெஷின் பட்டன்ல கல்லு வச்ச பொட்டு தான் ஒட்டிருக்கேன், கண்ணாடி போடாமயே தடவி ஆன் பண்ணிடுவேன்

கார்த்தி: அத்தை செம 👌 ஆனா மெட்ரோ கார்டுல மட்டும் ஒட்டுங்க, அது மேல வச்சு எடுக்கறது தானே. பேங்க் கார்டுல ஒட்டினா ஏடிஎம் வாயில சிக்கிக்கும்

தீபா அக்கா: பொட்டு இருந்தா மெட்ரோ, இல்லன்னா பேங்க். ஓகேவா அப்பா

பெரியப்பா: அது சரி மருந்துக்கடைல என்ன பண்றது பழைய மெஷின்ல 5 மேல ஒரு புள்ளி இருக்கும் அத தொட்டுகிட்டே நானே நம்பர் போட்டுடுவேன் இப்ப முழுசா கண்ணாடி மாதிரி ஒண்ண நீட்டி பின் சொல்லுங்க சார்ங்கறான் சுத்தி அஞ்சு பேர் நிக்கறாங்க சொன்னேன்

தீபா அக்கா: அப்பா!! சத்தமாவா சொன்னீங்க

பெரியப்பா: மாத்திரை வேணுமே

சுமதி அத்தை: எனக்கு கண்ணு பரவால்ல, கை தான் நடுங்குது, ரெண்டு தடவை தப்பா அமுக்கிட்டு மூணாவது போட பயந்து காசா குடுத்துட்டு வந்துட்டேன்

கார்த்தி: 5000 ரூபா வரைக்கும் பின்னே வேணாம், கார்டை மெஷின் மேல தட்டினா போதும், 2021 ஜனவரிலேந்து அப்படி தான், அதுக்கு முன்னாடி 2000 தான் இருந்துச்சு. ஆனா புதுசா வர்ற கார்டுல அது ஆஃப்ல இருக்கும், நாம தான் ஆன் பண்ணணும்

தீபா அக்கா: பேங்க் ஆப்ல போய் தானே? போன்ல ஸ்கிரீனை வாய்விட்டு படிக்கற டாக்பேக் போட்டா அந்த ஆப் பூரா பட்டன் பட்டன் பட்டன்னு மட்டும் படிக்குது, எந்த பட்டன்னு அப்பா எப்படி கண்டுபிடிப்பாரு

கார்த்தி: ஏடிஎம்லயும் பண்ணலாம்கா. 2014 ஜூலைலேந்து புதுசா வைக்கற ஏடிஎம் எல்லாம் பேசணும், பிரெய்ல் கீ இருக்கணும்னு ரிசர்வ் பேங்க் ஆர்டர், ஹெட்போன் சொருகினா போதும்

முருகேசன் மாமா: நம்ம தெருமுனைல இருக்கறதுல ஓட்டை இருக்கு, ஒரு நாள் சொருகிப் பாத்தேன், ஊமை

தீபா அக்கா: நாளைக்கு நான் கூட்டிட்டு போறேன், முதல்ல அந்த பின்ன மாத்தணும், அஞ்சு பேருக்கு தெரிஞ்ச பின்

பெரியப்பா: சுமதி பொட்டு ரெண்டா கொண்டு வாம்மா ஒண்ணு எப்படியும் விழும் கல்லு பெருசா இருக்கட்டும்