டீசல் விலை மாறின இரவு: மனசில நிண்ட ஒரு காட்சி (அனுபவப் பகிர்வு: இணையத்தில கனபேர் மாறி மாறி எழுதினது)

குளக்கட்டு – கிளிநொச்சி

2024 செப்டெம்பர் 30, பின்னேரம் 5 மணி. காலபோக உழவு துடங்கிற நேரம். ஏ9 றோட்டுப் பெற்றோல் செட் ஒண்டில கயிறு கட்டி "டீசல் இல்லை" எண்டு மட்டை தொங்குது. அதுக்குக் கீழ சோக்கால "நாளைக்கு" எண்டு எழுதிக் கிடக்கு. இரவு 12 மணிக்கு ஒட்டோ டீசல் 307இல இருந்து 283க்கு இறங்கினது. விடிஞ்சால் எண்ணெய்ப் பவுசர் லொறி உள்ளுக்கு நிக்குது.

சனம் "பதுக்கிப் போட்டாங்கள்" எண்டு பேசினது. விலை இறங்கப் போகேக்க எவன் பதுக்குவான்? செட்காரர் ஓடரே போடேல்லை. பவுசரில ஒரு அறை 6,600 லீற்றர், காசு முன்னுக்குக் கட்டி எடுக்கிறது. லீற்றருக்கு 24 ரூபா குறைஞ்சால் தாங்கியில கிடக்கிற ஒரு அறை டீசலில மட்டும் 158,400 ரூபா ஒரே இரவில போகும். அவைக்கு லீற்றருக்கு வாற கமிசனே சில ரூபாதான். அதால இறங்கும் எண்ட கதை வந்தால் விலை மாத்திற மாசக் கடைசியில தாங்கியை அடிமட்டத்துக்குக் கொண்டு வந்திடுவினம். உழவுக்கு நிக்கிறவை 26, 27ஆம் திகதியே கானை நிரப்பிறது புத்தி.

லொறிக்கதை – வவுனியா

2025 யூலை 1 விடிய. டீசல் 274 எண்டு கிடந்தது 289. லொறிச் சாரதி ஒராள் போனைத் தூக்கிப் பம்படிக்கிற பெடியனுக்குக் காட்டுறார்: ஈரான் – இஸ்ரேல் சண்டை நிண்டு ஒரு கிழமை, 80 டொலரைத் தொட்ட பிரென்ட் மசகெண்ணெய் 70க்குக் கீழ. "பிறகு ஏனடா தம்பி 15 ரூபா?" பெடியன் மீற்றரைப் பூச்சியத்துக்குக் கொண்டு வந்திட்டு "எவ்வளவுக்கு அண்ணை?" எண்டான். சாரதி கேட்டதுக்கு ஆரிட்டயாவது பதில் இருக்கோ?

பரந்தன் சந்தி

அந்தச் சாரதி பாத்தது வேற இலக்கம். சப்புகஸ்கந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969இல துடங்கினது, நாளுக்கு 50,000 பரல்தான் கொள்ளும். மிச்சத் தேவைக்கு டீசல் டீசலாவே கப்பலில வருது. அதுக்கு அடிப்படை சிங்கப்பூர்ச் சந்தைக்குப் பிளாட்ஸ் நிறுவனம் நாளாந்தம் போடுற காஸொயில் (டீசலுக்குச் சந்தைப் பேர்) விலை. மசகெண்ணெய் இறங்கினாலும், சுத்திகரிப்பு ஆலையள் திருத்த வேலைக்கு நிண்டால், குளிர் நாடுகளில வீடு சூடாக்கிற எண்ணெய்க்கு இழுபறி வந்தால், காஸொயில் தன்ர பாட்டில ஏறி நிக்கும்.

அடுத்தது, விலைச் சூத்திரத்தில போடுறது அண்டைய விலையில்லை, சராசரி. யூன் நடுவில சண்டை நடந்த நாளுகளின்ர விலையும் அதுக்குள்ள கிடக்கு. செட்டுக்கு வாற டீசலும் அந்த விலைக்கு வாங்கின கப்பலின்ரதாயிருக்கும். இறக்கம் தெரியிறது அடுத்த தவணையில.

கையால போடுற கணக்கு: பரல் ஒண்டு 159 லீற்றர். காஸொயில் 90 டொலர், டொலர் 300 ரூபா எண்டு வையுங்கோ. 90 × 300 ÷ 159, கிட்டத்தட்ட 170 ரூபா. இதுக்கு மேல கப்பல் கூலி, விக்கிறவன் கேக்கிற மேலதிகம், காப்புறுதி, ஆவியாப் போற நட்டம், களஞ்சியம், செட் கமிசன். பிறகு வரியள், 2024 சனவரி 1இல இருந்து 18 வீத வற்றும் (பெறுமதி சேர் வரி) சேந்தது. பரலுக்கு 1 டொலர் ஆடினால் லீற்றருக்கு 1.89 ரூபா, வற்றோட 2.23. அப்ப அந்த 15 ரூபா பரலுக்கு 7 டொலர் கூட இல்லை. டொலர் ஒரு ரூபா ஆடினால் லீற்றருக்கு 57 சதம், வற்றோட 67.

நெடுங்கேணி 64

பரந்தனார், கணக்குச் சரி. 2022ஐ அதுக்குள்ள போட்டுப் பாருங்கோ, எல்லாம் சிங்கப்பூர் இல்லை எண்டு விளங்கும்.

2021 டிசம்பரில டீசல் 121. 2022 மார்ச்சில அரசாங்கத்தின்ர பெற்றோலியக் கூட்டுத்தாபனச் செட்டில 176, அதே கிழமை இந்தியக் கொம்பனி லங்கா ஐஓசியில 214. ஒரே றோட்டில ஒண்டில வரிசை, மற்றதில வெறுமை. ஏப்ரலில 289, மேயில 400, யூன் 26 விடிய 2 மணிக்கு 460. டொலர் 203இல இருந்து 360 ஆனது. 121ஐ அந்த அளவால பெருக்கினால் 215தான் வரும். மிச்சம் 245 எங்கால? ஒரு பங்கு உக்ரேன் சண்டை: காஸொயில் பரல் 150 டொலரையும் தாண்டி நிண்டது. இன்னொண்டு, டொலர் இல்லாத நாட்டுக்கு விக்கிறவன் கூடின மேலதிகம் கேட்டது, காசு கட்டுப்படாமல் கடலில நிண்ட கப்பலுக்குத் தாமதக் கூலி. மூண்டாவதைத்தான் ஆரும் கதைக்கிறேல்லை: அந்த 121 முந்தியே அமத்திப் பிடிச்ச விலை. கையை எடுத்த உடன துள்ளினது.

460 எண்டு மாத்தி ரெண்டு நாளில பம்புக்குப் பூட்டு. யூன் 28 துடக்கம் யூலை 10 வரை அத்தியாவசிய சேவைக்கு மட்டும். விலை ஏத்தி வைச்சது, விக்கிறதுக்குச் சாமான் இல்லை.

மெசின்பெட்டி – மாங்குளம்

அந்த யூலையை இன்னும் மறக்காதது உழவு மெசினுக்குள்ள இருக்கிற டீசல் பம்புகள்தான். டீசல் 440, மண்ணெண்ணெய் 87. ஆர் கலக்காமல் விடுவான்? சண்டை நேரப் பொருளாதாரத் தடைக்காலத்தில மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓட்டின ஊர் வேற. ஆனா மெசி பேர்குசன் 240 உழவு மெசினில இருக்கிறது சி.ஏ.வி. ரொட்டரி பம்ப். உள்ளுக்கு எஞ்சின் ஒயில் போறேல்லை, டீசல்தான் அதுக்கு வழுக்கு. மண்ணெண்ணெய் மெல்லிசு, வழுக்குக் காணாது. பம்புக்குள்ள சுத்துற றோட்டரும் அதைச் சுத்தி நிக்கிற ஹெட்டும் உரசிக் கீறல் விழும்.

அடையாளம் இதுதான்: காலமை குளிரில ஒரு அடியில ஸ்ராட் எடுக்கும். ரெண்டு ஏக்கர் உழுது சூடேறினாப் பிறகு நிப்பாட்டினால் திரும்ப எடுக்காது. ஈரச் சாக்கைப் பம்ப் மேல போட்டுப் பத்து நிமிசம் ஆறவிடுங்கோ. அப்ப எடுத்தால் பம்ப் தேஞ்சது நிச்சயம். இஞ்செக்டரைக் கழட்டிக் காசைக் கரியாக்காதையுங்கோ. 2022 ஓகஸ்ட் 22இல மண்ணெண்ணெயை 340க்கு ஏத்தினாப் பிறகுதான் கலக்கிறதில இலாபம் குறைஞ்சது. ஏத்தினது நல்லம்.

முல்லைக் கரை

நல்லமோ? வெளி எஞ்சின் போட்ட படகு மண்ணெண்ணெயிலதான் ஓடுறது. 20 லீற்றர் எரிக்கிற படகுக்கு அண்டிரவோட ஒரு போக்குக்கு 5,060 ரூபா கூடினது. உங்கட பம்ப் தேயாமல் இருக்க எங்கட வலை கரையில கிடந்தது.

பழைய பரல் – ஒட்டுசுட்டான்

கூடப்போகுது எண்டால் பரலில வாங்கி வைக்கலாம் எண்டு எல்லாரும் யோசிக்கிறது. மாசக் கடைசி இரவு லாண்ட் மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) பெட்டியில பரல் உருளுற சத்தம் கேக்காத ஊரில்லை. முதல் கணக்கைப் பாருங்கோ: 15 ரூபா கூடினால் 200 லீற்றரில மிச்சம் 3,000 ரூபாதான். அதுக்கும் வைக்கிறதெண்டால் இப்பிடி வையுங்கோ.

உள்ளுக்கு நாகப் (சிங்க்) பூச்சுப் போட்ட பரல் வேண்டாம், நாகம் டீசலோட சேந்து பசை மாதிரி வந்து பில்டரை அடைக்கும். விளிம்பு வரைக்கும் நிரப்ப வேண்டாம். 10 பாகை சூடு கூடினால் 200 லீற்றர் ஒண்டரை லீற்றருக்கு மேல வீங்கும். அப்பிடியெண்டு பாதிப் பரலாயும் விடாதையுங்கோ, வெறும் இடத்திலதான் பனி பிடிச்சுத் தண்ணி இறங்கும். தண்ணியும் டீசலும் சந்திக்கிற இடத்தில கறுப்புச் சளி வளரும். நிழலில, ரெண்டு கட்டைக்கு மேல படுக்க வைச்சு, ரெண்டு மூடியும் ஒரே மட்டத்தில பக்கவாட்டில வாற மாதிரித் திருப்புங்கோ. ரெண்டும் டீசலில தோஞ்சிருந்தால் வாசர் காயாது, காத்தும் உறிஞ்சாது. எடுக்க முதல் நாள் நிமித்தி வைச்சு ஒரு நாள் அசைக்காமல் விடுங்கோ. குழாயின்ர நுனி அடியில இருந்து ரெண்டு இஞ்சி மேல நிக்கோணும். கடைசி அஞ்சு லீற்றரைக் கண்ணாடிப் போத்தலில ஒரு இரவு வைச்சுப் பாத்திட்டு ஊத்துங்கோ. ஆறு மாசத்துக்கு மேல வைக்காதையுங்கோ. பில்டர்க் கிண்ணத்துத் தண்ணியைக் காலமை காலமை திறந்து விடுறதும் மறக்காதையுங்கோ.

லொறிக்கதை – வவுனியா

பரல் ஐயா, ஆரும் கேக்கேல்லையே.

குளக்கட்டு – கிளிநொச்சி

கேக்காட்டிலும் பிரியோசனம்தான். ஒண்டை மட்டும் சேக்கிறன். நெல்லு வெட்டு மெசின் ஏக்கருக்கு 6 – 8 லீற்றர் குடிக்கும். 15 ரூபா கூடினால் கூடின பட்சம் 120 ரூபா. கூலியைக் கூட்டேக்க ஐஞ்நூறு, ஆயிரம் எண்டுதான் கதை வாறது. அதே 8 லீற்றரில 24 ரூபா குறைஞ்ச நேரம் 192 ரூபா எங்க போனது எண்டு மெசின்காரரைக் கேளுங்கோ. உதிரிப்பாகம், டயர், சாரதிச் சம்பளம் எண்டு சொல்லுவினம். அதுவும் பொய்யில்லை, ஆனா கூட்டேக்க டீசலைத்தானே சொன்னது.

இந்த மாசக் கடைசி எந்தப் பக்கம் எண்டு ஆரும் கணக்குப் பாத்ததோ?

பரந்தன் சந்தி

டொலர் 300இல இருந்து அசையேல்லையெண்டால் காஸொயில் சராசரியை மட்டும் போன மாசத்தோட கழிச்சு 2.23ஆல பெருக்குங்கோ. வரி மாத்தினால் பிழைக்கும். இல்லாட்டி 30ஆம் திகதி பின்னேரம் செட் வாசலில மட்டை தொங்குதோ எண்டு பாருங்கோ.

லொறிக்கதை – வவுனியா

மட்டை தொங்கிறது சனம் உறிஞ்சி முடிச்சதாலயும் இருக்கலாம் அண்ணை. கீழ சோக்கால "நாளைக்கு" எண்டு இருந்தால்தான் நம்பலாம்.