உதவி: ஒரு பாத்திரத்துக்குள் இன்னொன்று மாட்டிக்கொண்டது, எப்படிக் கழற்றுவது? (அவசரம்)

சமையலறை_அகதி, காலை 10:12
எல்லாருக்கும் வணக்கம். ராத்திரி பாத்திரம் கழுவி அடுக்கி வைத்தேன். காலையில் பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்று போய் இறுகிக் கிடக்கிறது. இழுத்துப் பார்த்தாயிற்று, திருகிப் பார்த்தாயிற்று, குப்புறப் போட்டுத் தட்டியும் பார்த்தாயிற்று. அசையவே இல்லை. சாயங்காலம் மாமியார் வருகிறார். யாராவது சீக்கிரம் வழி சொல்லுங்கள்!!!

ராஜி_மாமி, 10:19
என்ன பாத்திரம்? எது உள்ளே, எது வெளியே? எந்த அளவு? இது ஒன்றும் சொல்லாமல் என்னத்தைச் சொல்வது தம்பி?

நாஞ்சில்காரி, 10:21
தேங்காய் எண்ணெய். இரண்டுக்கும் நடுவில் சுற்றிலும் விட்டு அரை மணி நேரம் வையுங்கள், வழுக்கிக்கொண்டு வரும். எங்கள் வீட்டில் கதவுக் கீலிலிருந்து கல்யாண மோதிரம் வரைக்கும் எல்லாவற்றுக்கும் இதுதான்.

டூவீலர்_துரை, 10:24
எண்ணெய் எல்லாம் வேலைக்கு ஆகாது. டபிள்யூடி-40 ஒரு அடி அடியுங்க. துருப்பிடித்த சைலன்சர் போல்ட்டே கழண்டு வரும், இதென்ன பிரமாதம்.

நாஞ்சில்காரி, 10:26
சாப்பிடுகிற பாத்திரத்தில் அதை அடித்தால் அப்புறம் குழம்பில் பெட்ரோல் பங்க் வாசம்தான் வரும், துரை.

அறிவியல்_அன்பன், 10:31
இந்தக் கேள்வி இங்கே பலமுறை அலசப்பட்டுவிட்டது. புதிய உறுப்பினர்கள் கேட்பதற்கு முன்னால் தேடிப் பார்க்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளலாம். இருந்தாலும் சொல்கிறேன். உலோகம் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். எட்டாம் வகுப்புப் பாடம். வெளிப் பாத்திரத்தைச் சூடாக்குங்கள், உள்ளே ஐஸ் போடுங்கள். முடிந்தது.

மேட்டுத்தெரு_மணி, 10:33
அன்பன் சார் சொல்வது சரி. ஐஸுக்கு எங்கே போவது, அப்படியே கேஸ் அடுப்பில் சிம்மில் வையுங்கள். வெளியே இருப்பது விரிந்ததும் துணியைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. நான் டபரா டம்ளரை இப்படித்தான் எடுத்தேன்.

சமையலறை_அகதி, 10:40
வெளியே எவர்சில்வர் அடுக்கு. உள்ளே ஒரு சொம்பு. அடுப்பு யோசனை நல்லாத் தெரிகிறது. வைக்கிறேன்.

ராஜி_மாமி, 10:41
இரு இரு. என்ன சொம்பு? பித்தளையா, செம்பா?

பாத்திரக்கடை_பாலு, 10:43
அதோடு, அடுக்கின் அடி கனமா, மெல்லிசா என்பதையும் சொல்லுங்க. சொம்பு எந்த இடத்தில் பிடித்திருக்கிறது, வயிற்றிலா, அடியிலா? ஒரு படம் போட்டால் எல்லாருக்கும் வேலை மிச்சம்.

சமையலறை_அகதி, 10:46
வெள்ளையாக இருக்கிறது. அலுமினியம் என்று நினைக்கிறேன், ஆனால் நல்ல கனம். மாமியார் இதில் ரசம் வைப்பார்.

பாத்திரக்கடை_பாலு, 10:46
அடுப்பை அணைங்க!!!!

ராஜி_மாமி, 10:47
ஐயோ கடவுளே, ஈயச் சொம்பு! அணைத்தாயா? பதில் சொல்!

பாத்திரக்கடை_பாலு, 10:49
அண்ணே, அது அலுமினியம் இல்லை. அலுமினியம் காற்று மாதிரி இருக்கும். கையில் எடுத்ததும் 'என்னடா இது, இவ்வளவு கனமா' என்று தோன்றினால் அது வெள்ளீயம். ஒரே அளவுக்கு அலுமினியத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் எடை. 232 டிகிரியிலேயே உருகிவிடும். கேஸ் தீ அதற்கெல்லாம் எங்கேயோ மேலே. ரசம் உள்ளே இருக்கும்போது 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் தாக்குப்பிடிக்கும். காலிச் சொம்பைத் தீயில் காட்டினால் அடியில் ஒரு வெள்ளிக் குளம்தான் இருக்கும். கும்பகோணத்திலிருந்து வாங்கி வந்து ஒரே வாரத்தில் ஓட்டைச் சொம்போடு எங்கள் கடைக்கு வருகிறவர்களைக் கேளுங்க.

மேட்டுத்தெரு_மணி, 10:52
நான் டபரா டம்ளருக்குத்தான் சொன்னேன். சொம்பு என்று முதலிலேயே சொல்லியிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

சமையலறை_அகதி, 10:58
அணைத்துவிட்டேன். லைட்டர் வேலை செய்யாததால் அப்போதுதான் பற்றவைத்திருந்தேன். சொம்பு முழுசாக இருக்கிறது. ஆனால் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

நாஞ்சில்காரி, 11:00
லைட்டருக்கு ஒரு தேங்காய் உடைங்க.

டூவீலர்_துரை, 11:02
அப்படியென்றால் வெளிப் பாத்திரத்தைத் தியாகம் பண்ணிவிடுங்க. லேத் பட்டறையில் கட்டிங் மெஷின் இருக்கும். ஒரு ஓரமாகக் கீறினால் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும்.

சமையலறை_அகதி, 11:05
அது எங்களுடையது இல்லை. கீழ் வீட்டு அக்கா பாயசம் கொடுத்தனுப்பிய அடுக்கு. விளிம்பில் பெயர் வெட்டியிருக்கிறது, கல்யாணத் தேதியோடு.

ராஜி_மாமி, 11:07
பெயர் வெட்டிய பாத்திரத்தில் கை வைக்கக் கூடாது. அந்தக் காலத்துச் சீர் வரிசையாக இருக்கும். ஒரு கரண்டி தொலைந்தாலே வருஷக்கணக்கில் பேசுவார்கள்.

மேட்டுத்தெரு_மணி, 11:08
வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று எங்கள் பாட்டி சொல்வார். சொம்போடு கொடுத்துவிடுங்கள்.

பாத்திரக்கடை_பாலு, 11:12
சிரிப்பை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அண்ணே, ராத்திரி வைக்கும்போது அடுக்கு சூடாக இருந்ததா?

சமையலறை_அகதி, 11:17
பாயசம் ஒட்டியிருந்தது, அதனால் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி அலசினேன். ஆமாம், சூடாகத்தான் இருந்தது.

பாத்திரக்கடை_பாலு, 11:24
அதுதான் விஷயம். சூட்டில் அடுக்கு கொஞ்சம் விரிந்திருந்தது, சொம்பு சுகமாக உள்ளே இறங்கியது. ராத்திரி ஆறினதும் அடுக்கு சுருங்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அடியில் இருந்த சூட்டுக் காற்றும் ஆறிச் சுருங்கியிருக்கும், சுற்றியிருக்கிற ஈரம் காற்றை உள்ளே விடாது. அதனால்தான் இழுத்தால் உறிஞ்சுகிற மாதிரி இருக்கிறது. பயப்படாதீங்க, வரும்.

ஒரு பேசினில் கை பொறுக்கிற சூட்டுக்கு மேலே கொஞ்சம், கொதிக்க வேண்டாம், அவ்வளவு சூட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அடுக்கை அதில் நிறுத்துங்க. சொம்பின் வயிறு எங்கே பிடித்திருக்கிறதோ அந்த உயரம் வரைக்கும் தண்ணீர் நிற்க வேண்டும். சொம்புக்குள் ஐஸும் தண்ணீரும். சில நிமிஷம் விட்டுவிட்டு மெதுவாகத் திருகுங்க. சொம்பின் வாயைப் பிடித்து இழுக்காதீங்க. வெள்ளீயம் மெத்தென்று இருக்கும், விளிம்பு கோணிக்கொண்டால் வட்டம் திரும்ப வராது. குப்புறக் கவிழ்ப்பதாக இருந்தால் கீழே மடித்த துண்டைப் போட்டுக்கொள்ளுங்க.

அறிவியல்_அன்பன், 11:31
ஐஸ் யோசனையை நான் 10:31-க்கே சொல்லிவிட்டேன் என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன். ஆனால் உள்ளே இருப்பது வெள்ளீயம் என்று தெரிந்தபின் ஒரு எச்சரிக்கை. 13 டிகிரிக்குக் கீழே வெள்ளீயம் சாம்பல் நிறமாகிப் பொடிப்பொடியாக உதிரும் தன்மை உடையது. ஐரோப்பாவின் குளிர்ந்த தேவாலயங்களில் ஆர்கன் குழாய்களே இப்படிக் கெட்டிருக்கின்றன. 1812-ல் நெப்போலியனின் படைவீரர்கள் ரஷ்யக் குளிரில் பட்டன் உதிர்ந்து நின்ற வரலாற்றைப் படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இரவுப்பணி_இளங்கோ, 11:38
சார், பட்டன் சமாச்சாரம் நல்ல கதை, ஆனால் அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஆர்கன் குழாய் உண்மைதான். அதுவும் பல குளிர்காலம் கிடந்து கெட்டது. அந்த மாற்றம் மிக மெதுவாக நடக்கும், வேகம் பிடிக்கவே பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி மாதிரிக் குளிர் வேண்டும். வேறு உலோகம் துளி கலந்திருந்தாலும் தடைபடும். பத்து நிமிஷ ஐஸ் தண்ணீரில் ரசச் சொம்பு உதிராது.

அறிவியல்_அன்பன், 11:41
வாய்ப்பு இருக்கிறது என்றுதான் சொன்னேன். 'உதிரும்' என்று நான் அடித்துச் சொல்லவில்லை.

இரவுப்பணி_இளங்கோ, 11:42
'உதிரும்' என்றே எழுதியிருக்கிறீர்கள், மேலே போய்ப் பாருங்கள்.

கீரைக்காரத்_தெரு, 11:50
இவ்வளவு பேர் பேசுகிறீர்கள், ஒருவர்கூட முக்கியமானதைச் சொல்லவில்லையே. ஈயம் விஷம்! குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். அந்தச் சொம்பு வெளியே வரவே வேண்டாம். அப்படியே தூக்கிப் போடுங்கள்.

ராஜி_மாமி, 11:53
எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஈயச் சொம்பில்தான் ரசம். எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம்.

இரவுப்பணி_இளங்கோ, 11:58
இரண்டு பேரும் இரண்டு உலோகத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். விஷம் காரீயம். எந்த அளவும் பாதுகாப்பானது இல்லை என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ரசச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. டப்பாவில் அடைத்த உணவுக்கு உள்ளே பூசுவதும், பித்தளைக்கு ஈயம் பூசுவது என்று சொல்வதும் இதைத்தான். சிக்கல் எங்கே என்றால், வெள்ளீயம் விலை அதிகம். லாபத்துக்காகக் காரீயம் கலந்து விற்றால் புளிச்சாற்றில் அது கரையும். மாமி வீட்டுச் சொம்பு சுத்தமாக இருக்கலாம், போன வாரம் வாங்கியது அப்படி இல்லாமல் போகலாம்.

கீரைக்காரத்_தெரு, 12:01
கண்ணால் பார்த்து எப்படித் தெரிந்துகொள்வது? அதனால்தான் தூக்கிப் போடச் சொல்கிறேன்.

பாத்திரக்கடை_பாலு, 12:06
வெள்ளைத் தாளில் தேய்த்துப் பார்ப்பார்கள். பென்சில் மாதிரிக் கறுப்பாகக் கோடு விழுந்தால் சந்தேகம். ஆனால் கொஞ்சமாகக் கலந்திருந்தால் இது காட்டிக்கொடுக்காது. தங்கத்தின் தரம் பார்க்க ஹால்மார்க் மையங்களில் ஒரு எக்ஸ்ரே மெஷின் இருக்கிறதே, அதே வகை மெஷினில் காரீயம் இருந்தால் தெரிந்துவிடும். பார்த்துத் தருவார்களா என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்க.

ராஜி_மாமி, 12:09
சொம்பை எடுத்துக்கொண்டு நகைப் பரிசோதனைக்குப் போனால் என்னை உள்ளே விடுவார்களா?

மேட்டுத்தெரு_மணி, 12:10
அடுக்கோடு கொண்டுபோனால் ஆளையே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

கீரைக்காரத்_தெரு, 12:14
சிரிக்கிற விஷயமா இது? மண்சட்டியில் ரசம் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

ராஜி_மாமி, 12:16
மண்சட்டி மீன்குழம்புக்கு. ரசம் ஈயச் சொம்பில், நுரை கட்டும்போது இறக்க வேண்டும். கொதிக்கவிட்டால் அது ரசமே இல்லை.

டூவீலர்_துரை, 12:18
எங்கள் வீட்டில் ரசம் நன்றாகக் கொதிக்கும். நன்றாகத்தான் இருக்கும்.

நாஞ்சில்காரி, 12:19
டபிள்யூடி-40 போட்ட ரசம்தானே, எப்படி வைத்தாலும் ஒன்றுதான்.

(இதற்கு நடுவில் ரசம் கொதிக்கலாமா கூடாதா என்று இருபதுக்கு மேல் பதில்கள். அவற்றைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். தொடர விரும்புகிறவர்கள் அங்கே போகலாம். பூண்டு ரசத்துக்கு ஆதரவாக ஆளைத் திட்டி எழுதியவை மட்டும் நீக்கப்பட்டன. – நெறியாளர்)

பாத்திரக்கடை_பாலு, 1:35
அண்ணே, என்ன ஆச்சு? ஐஸ் போட்டீங்களா?

ராஜி_மாமி, 2:20
ஆளையே காணோமே. மாமியார் சீக்கிரம் வந்துவிட்டாரோ?

இரவுப்பணி_இளங்கோ, 2:24
அடுப்பை மறுபடி பற்றவைத்திருக்க மாட்டார் என்று நம்புவோம்.

சமையலறை_அகதி, 4:52
வந்துவிட்டது. எல்லாருக்கும் நன்றி. வயிற்றில் ஒரு சின்னச் சொட்டை, சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். ஆட்டோ வந்துவிட்டது, கீழே போகிறேன்.

அறிவியல்_அன்பன், 4:55
அடிப்படை அறிவியல் என்றைக்கும் பொய்க்காது. இனியாவது கேட்பதற்கு முன் தேடவும்.

நாஞ்சில்காரி, 4:57
ஐஸில் வந்தது என்று அவர் சொல்லவே இல்லையே. எண்ணெயும் விட்டிருப்பார், அதைச் சொல்ல நேரமில்லை.

பாத்திரக்கடை_பாலு, 5:03
எதில் வந்தால் என்ன, வந்ததே. சொட்டையை நீங்களே தட்டி எடுக்கப் பார்க்காதீங்க அண்ணே, பட்டறைக்காரரிடம் கொடுங்க, உள்ளே மரக்கட்டை வைத்து நிமிர்த்தித் தருவார்.

நாஞ்சில்காரி, 5:04
எண்ணெயா ஐஸா? ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், அகதி அண்ணா.

மொட்டைமாடி_மல்லிகா, மறுநாள் காலை 9:10
இழை உபயோகமாக இருந்தது. எனக்கும் இதே பிரச்சினை. ஆனால் இரண்டு பிளாஸ்டிக் வாளி. கடையிலிருந்து வந்ததிலிருந்து பிரியவே இல்லை. இதற்கும் ஐஸ்தானா?

அறிவியல்_அன்பன், 9:14
தலைப்புக்குத் தொடர்பில்லாத கேள்வி. தனி இழை தொடங்கவும்.

ராஜி_மாமி, 9:16
அவர் கிடக்கிறார். ஐஸ் எல்லாம் வேண்டாம் மல்லிகா, காற்று போனால் போதும். பழைய பிளாஸ்டிக் ஸ்கேல் இருந்தால் விளிம்போரமாக நடுவில் செருகி அடிவரைக்கும் இறக்கு. இன்னொருத்தரை வெளி வாளியைக் காலால் அமுக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு நீ உள்வாளியைத் தூக்கு. கைப்பிடியைப் பிடித்து இழுக்காதே, அதுதான் முதலில் கையோடு வரும்.